ஒன்பதாவது கேள்வி

புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலை, இரவு பத்தேகால்.
யசோகலா, வயது முப்பத்தாறு.
வெடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் குடல்வால்.
படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
குடும்பத்தில் எவருக்கேனும்
மயக்க மருந்தால் பாதிப்பு உண்டா?

"அண்ணா ஒராள் ஒப்பரேசனுக்குப் போய் எழும்பேல்லை டொக்டர்."
"எப்ப?"
"கடைசி நேரம். பள்ளிக்கூடத்து வாங்கில வச்சு.
கையிலதான் காயம்."

இந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு
எல்லாரிடமும் எழும்பாத ஒருவர் இருக்கிறார்.
தலையை ஆட்டினேன்.
'இல்லை' என்று எழுதினேன்.

குளிர்ப்பெட்டியிலிருந்து சின்னக் குப்பி.
சக்ஸமெத்தோனியம்.
ஐந்து நிமிட மருந்து என்றுதான் படித்தோம்.
முதலில் உறக்கம், பிறகு இது.
வரிசை பிசகினால்
விழித்தபடி ஒருத்தி தன் உடம்புக்குள் பூட்டுப்படுவாள்.

நெற்றியில் தொடங்கியது துடிப்பு.
ஈ குந்திய எருமைத் தோல்போல்
கன்னம், தோள், தொடை, கால்விரல் மட்டும் ஓடி
அடங்கியது.
குழாயை இறக்கினேன்.
அவளுடைய மூச்சு இனி என் கணக்கில்.

நீளமாய் வேலைசெய்யும் அடுத்த மருந்தை
ஊசியில் ஏற்றி வைத்திருந்தேன்.
வயிறு இளகியே கிடந்தது. தேவைப்படவில்லை.
நல்ல உடம்பு என்று நினைத்தேன்,
மடையன்.

நாற்பது நிமிடத்தில் தையல் முடிந்தது.
சேர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு பிளேன்ரீக்குப் போனார்.
அவள் மூச்செடுக்கவில்லை.

மணிக்கட்டில் இரண்டு ஒட்டுகளை வைத்து
மின்சாரத்தால் நாலு தட்டுத் தட்டினேன்.
பெருவிரல் ஒன்றுக்கும் அசையவில்லை.
இன்னொருக்கால். நாலு தட்டு.
வீட்டில் ஆள் இருக்கிறது,
எழும்பி வந்து திறக்கத்தான் முடியவில்லை.

இந்த மருந்தைக் கத்தரிக்கும் ஒன்று
இரத்தத்தில் இருக்கவேணும்.
சிலர் அது குறைந்தே பிறக்கிறார்கள்.
நோயில்லை, நோவில்லை,
இந்தக் குப்பி உடைபடும்வரை தெரியவும் வராது.
தாய் பாதி, தகப்பன் பாதி கொடுக்கிற முதுசம்.
தங்கைக்கு விழுந்தால்
அண்ணனுக்கும் விழுந்திருக்கலாம்.

கையிலதான் காயம்.

மிஸ் தர்மலதா கேட்டா, "நித்திரை மருந்தைக் கூட்டவோ?"
"கூட்டுங்கோ. முழிக்க விடக்கூடாது."

ஒரு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனறேற்றர் செருமிக்கொண்டு நின்றது.
மெசினை நம்பாமல் பையைக் கையால் அமத்தினேன்.
அமத்த நெஞ்சு உயரும், விட இறங்கும்.
அந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒருவர்
இப்படித்தான் அமத்தியிருப்பார்.
ஐந்து நிமிடம் என்று அவரும் படித்திருப்பார்.
பத்து, இருபது, முப்பது.
வாசலில் அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள்,
ஒரேயொரு பை.

அங்கே இருந்தது இதே மருந்தா,
வேறேதுமா, இரத்தம்தான் போய்விட்டதா,
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று எழுதவும் படிவத்தில் இடம் இருந்தது.

லைற் வந்தது. மெசின் தன் வேலையை எடுத்துக்கொண்டது.
என் விரல்கள் மட்டும்
இன்னும் கொஞ்ச நேரம் வெறுங்காற்றை அமத்தின.

மூன்று ஐம்பதுக்குப் பெருவிரல் ஒருமுறை அசைந்தது,
எறும்பு ஊர்ந்ததற்கு அசைவதுபோல, அவ்வளவுதான்.
மிஸ் தர்மலதா குனிந்து பார்த்து
தன் பாஷையில் எண்ணத் தொடங்கினா.
எக்காய்.
கன நேரம் எக்காயிலேயே நின்றா.
நாலு வர ஐந்தேகால் ஆனது.

இருமினாள். குழாயைக் கடித்தாள். காலால் உதைத்தாள்.
என் சேவையில் என்னை ஒருவர் உதைத்ததற்கு
இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

வாட்டில் பகல் பதினொரு மணி.
சிவப்புப் பேனையால் ஒரு அட்டை எழுதினேன்:
இவருக்கு இந்த மருந்து ஒருபோதும் கொடுக்கவேண்டாம்.
"எங்க போனாலும் இதைக் காட்டுங்கோ. பிள்ளையள் எத்தினை?"
"ரெண்டு."
"ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ,
இரத்தம் எடுக்கவேணும்."

பிறகு பழைய படிவத்தை எடுத்தேன்.
'இல்லை'யை ஒரு கோட்டால் வெட்டினேன்.
"அண்ணாவின்ர பேர்?"
"தயாபரன்."
எழுதினேன்.
பக்கத்துப் பெட்டியில் 'காரணம்' என்று இருந்தது.

அவள் தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி
என் பேனையைப் பார்த்தாள்.
"அண்ணாவின்ர பேர் இப்ப என்னத்துக்கு டொக்டர்?"